நான்கு இழைத் தையல்

மார்ச் 4

என் தையல்காரருக்கு,

முதலில் வேலை, பிறகு கொஞ்சல். இந்தக் கடிதத்தோடு ஒரு பொட்டலம் வந்திருக்கும். பிரித்ததும் பதற வேண்டாம். அது என் பெல்ட். பாலத்தில் ஏறும்போது தோளிலும் தொடையிலும் பட்டை போட்டு மாட்டிக்கொள்வோம் என்று போன கடிதத்தில் வரைந்து காட்டினேனே, அதேதான். முதுகிலிருந்து ஒரு கயிறு போகும், நுனியில் கொக்கி. கயிறு பெல்ட்டோடு சேரும் இடத்தில் கைக்குள் அடங்குகிற மாதிரி ஓர் உறை இருக்கும். அதற்குள் பட்டையை மடித்து மடித்துத் தைத்திருப்பார்கள். அந்தத் தையல் பிரிந்து, பட்டை ஒன்றரை முழத்துக்கு நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டிருக்கிறது. இரும்பு முனையில் மாட்டிக்கொண்டது, பிடித்து இழுத்தேன், வந்துவிட்டது. அவ்வளவுதான் கதை.

ஸ்டோரில் புதிது கேட்டால் எப்படிக் கிழிந்தது, எப்போது கிழிந்தது, யார் பார்த்தது என்று காகிதம் நீட்டுவார்கள். எங்கள் மேற்பார்வையாளர் வேறு மோப்பம் பிடித்துவிடுவார். கழுத்தை விட்டு விசில் இறங்காத மனிதர். அதனால் அவருக்குப் பெயரே விசில். எனவே நீங்களே தைத்து அனுப்பிவிடுங்கள். உங்கள் கைத்தையல் முன்னால் கம்பெனித் தையல் எந்த மூலைக்கு? (இது ஐஸ் இல்லை. சரி, கொஞ்சம் ஐஸ்தான்.)

பெல்ட் வரும்வரை தோள் சுளுக்கு என்று சொல்லிக் கீழேயே துருச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன். எனக்கு அது பிடிக்கவில்லை. மேலே ஏறுகிற பதினோரு பேரில் பெண் நான் ஒருத்திதான். கீழே சுரண்டுகிற பெண்கள் இன்னும் ஐந்து பேர் இருக்கிறார்கள். நான் ஏணியில் கால் வைக்கும்போது ஐந்து பேரும் சுரண்டுவதை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். அவர்களில் சின்னவளை அடுத்த மாதம் மேலே ஏற்றுவதாக விசில் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

இந்தப் பள்ளத்தாக்கில் போன் எடுக்காது என்பது தெரிந்ததே. புதனும் சனியும் வரும் லாரிதான் நமக்குத் தபால்காரர். சீக்கிரம் அனுப்புங்கள். நம் வாண்டு சடைபோட உட்காருகிறாளா, இல்லை தலைவிரி கோலமாகப் பள்ளிக்கூடம் போகிறாளா?

உங்கள் பெயிண்டர்


மார்ச் 9

அன்புள்ள பெயிண்டருக்கு,

பொட்டலம் வந்த அன்றே எல்லா வேலையையும் ஓரம் கட்டிவிட்டேன். பதினெட்டுப் பள்ளிச் சீருடைகள் காத்திருக்கின்றன. காத்திருக்கட்டும்.

பழைய ஊசித் துளைகள் பட்டையில் அப்படியே இருந்தன. மடிப்பைப் பழைய தடத்திலேயே மடித்து, துளை மேல் துளை வைத்துத் தைக்கலாம் என்று உட்கார்ந்தேன். நம் மெஷினில் இரண்டு ஊசி உடைந்தது. சரி என்று தெருமுனையில் பை தைப்பவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் தானே தைத்துத் தருவதாகச் சொன்னார், நான் விடவில்லை. என் மனைவி தொங்குகிற பட்டை, மெஷினை மட்டும் கொடுங்கள் என்றேன். நான்கு இழை நைலான் நூல். போகவும் வரவும் மும்மூன்று தடவை ஓட்டியிருக்கிறேன். கம்பெனிக்காரன் என்ன நூல் போட்டிருந்தான் தெரியுமா? சட்டைப் பித்தான் கட்டுகிற நூலைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். மனசாட்சி இல்லாத பயல். இனி யானையைக் கட்டித் தொங்கவிட்டாலும் பிரியாது.

உறையின் மேல் எறும்பு எழுத்தில் ஒரு துணிச் சீட்டு தைத்திருந்தது. மெஷினின் பாதத்தில் இடித்துக்கொண்டே இருந்ததால் பிய்த்துப் பித்தான் டப்பாவில் போட்டுவிட்டேன். சட்டைக் காலரில் இருக்குமே துவைக்கும் முறை, அந்த மாதிரி ஏதோ.

ஒன்று மட்டும் புரியவில்லை. ஒரே இழுப்பில் இருபது வரிசைத் தையலும் வந்துவிட்டதா? அப்படி என்ன கோபம் அந்த இரும்பின் மேல்?

சுளுக்கு சாக்கோ நிஜமோ, தோளுக்குத் தைலம் வைத்திருக்கிறேன், கூட இருப்பவர்களைத் தேய்த்துவிடச் சொல். வாண்டுக்கு இரட்டைச் சடை நானே போடுகிறேன். வகிடு எடுக்க அளவுகோல் வைத்ததில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்.

உன் தையல்காரன்


மார்ச் 14

என் தையல்காரருக்கு,

புதன்கிழமை லாரியில் வந்தது, வியாழக்கிழமையே ஏறிவிட்டேன். தோள் வலி குறைந்துவிட்டது. கொக்குதான் முதலில் பார்த்தார். கொக்கு யார் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா, மேலே என் ஜோடி. கழுத்து நீளம், பேச்சு குறைவு. தையலைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, “கெட்டிதான்” என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு.

நேற்று நடுத்தூணுக்கு மேலே இருந்தோம். பழைய பெயிண்டைச் சுரண்டியதும் அடியில் சிவப்பு, அதற்கும் அடியில் பச்சை. எத்தனையோ பேர் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆறு மிகக் கீழே சத்தமே இல்லாமல் போகிறது. காற்று வந்தால் எல்லோரும் அசையாமல் நிற்போம். அப்போது முதுகில் அந்த உறை லேசாக அழுத்தும். நீங்கள் உள்ளங்கையை வைத்திருப்பதுபோல இருக்கிறது. சிரிக்காதீர்கள். கல்யாணமாகிப் பத்து வருடத்தில் இந்த மாதிரி நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி எழுதமாட்டேன்.

சின்னவளுக்கு உங்கள் தையலைக் காட்டினேன். தனக்கு வரப்போகும் பெல்ட்டையும் உங்களிடம் அனுப்பி இப்படித் தைத்து வாங்கலாமா என்று கேட்கிறாள். கடை விரிவடைகிறது.

பெயிண்டர்


மார்ச் 17

பெல்ட்டைப் போடாதே. நான் தைத்தது தப்பு.

மேலே இருக்கும்போது இது கிடைத்தால் அங்கேயே கழற்றிவிடாதே. கைக்கு எட்டும் இரும்பைப் பிடித்துக்கொண்டு நடைபாதை வழியாக இறங்கி, தரையில் கால் வைத்த பிறகு கழற்று. லாரி டிரைவரிடமும் இதையே சொல்லியிருக்கிறேன். கடிதத்தைக் கொடுப்பதற்கு முன்னால் உன்னை இறக்கிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டேன்.

நேற்று மாலை தீயணைப்பு நிலையத்தில் வேலை செய்கிற அம்மா ஒருவர் சீருடைக் கால்சட்டையைக் குட்டையாக்கக் கொண்டுவந்தார். பித்தான் ஒன்று கேட்டார், டப்பாவைக் கவிழ்த்தேன். அந்தத் துணிச் சீட்டு வந்து விழுந்தது. எடுத்துப் படித்துவிட்டு, இது எங்கே கிடைத்தது என்றார். நான் பெருமையாகச் சொன்னேன். நூல் எத்தனை இழை என்பது வரைக்கும் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“அந்தத் தையல் பிரியறதுக்குன்னே போட்டதுங்க,” என்றார். “ஆள் விழுந்தா வரிசை வரிசையா கிழிஞ்சு வேகத்தைக் குறைச்சு, மெதுவா நிறுத்தும். நீங்க தைச்ச மாதிரி இருந்தா, விழுந்தவுடனே வெடுக்குனு நிக்கும். முதுகெலும்பு தாங்காது.”

அடுத்ததாக அவர் சொன்னதை நான் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. இரும்பில் மாட்டிக் கையால் இழுத்தால் அது பிரியாதாம். நான்கைந்து பேர் சேர்ந்து இழுத்தாலும் பிரியாதாம். ஓர் ஆள் விழுந்தால்தான் பிரியுமாம்.

நீ விழுந்திருக்கிறாய்.

காலைப் பேருந்தில் கிளம்பி உன் கம்பெனியின் லாரி நிறுத்துமிடத்துக்கு வந்து, கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வாண்டு பை தைப்பவர் வீட்டில் இருக்கிறாள். என்னையும் லாரியில் ஏற்றிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினேன், வெளியாளுக்குப் பாஸ் கிடையாதாம். லாரி நாளைக் காலையில் கிளம்புகிறது. ஆபீசில் என்ன அவசரம் என்று கேட்டார்கள். குடும்ப விஷயம் என்று மட்டும் சொன்னேன். விழுந்ததை மறைத்தவள் நீ, அதை நீயே சொல்வதுதான் முறை என்று தோன்றியது.

நான்கு இழை போட்டேன். மும்மூன்று தடவை ஓட்டினேன். உன் முதுகில் நானே கட்டிவிட்டேன்.


மார்ச் 18

உங்களுக்கு,

இறங்கிவிட்டேன். கழற்றிவிட்டேன். முதலில் இதைப் படித்துவிட்டு ஒரு மூச்சு விடுங்கள். லாரி திரும்புவதற்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், டிரைவர் டீ குடித்துக்கொண்டிருக்கிறார்.

அவர் பாலத்தடியில் லாரியை நிறுத்திவிட்டு விடாமல் ஹாரன் அடித்தார். அப்போது நான் நடுத்தூணின் மேலே இருந்தேன். யாருக்கோ உடம்பு சரியில்லை, வாண்டுக்குத்தான் ஏதோ என்று நினைத்து ஓடியே வந்திருப்பேன். கொக்கு கையைப் பிடித்து நடக்க வைத்தார்.

ஆமாம், விழுந்தேன். மார்ச் 2, திங்கட்கிழமை. சாரத்தில் பலகையின் ஒரு முனையைக் கட்டியிருந்த கம்பி தளர்ந்திருக்கிறது. கால் வைத்ததும் பலகை வழுக்கியது. பெல்ட் பிடித்துக்கொண்டது. கொக்குதான் மேலே இழுத்தார். மறுநாள் அந்த முனையை அவரே இறுக்கிக் கட்டிவிட்டார். வேறு யாருக்கும் தெரியாது. உங்களிடம் மறைத்தது தப்புதான். சொன்னால் அந்த நிமிடமே வா என்று எழுதுவீர்கள். அதனால் சொல்லவில்லை.

விசிலிடம் சொல்லவும் மாட்டேன். தயவுசெய்து கோபப்படாமல் கேளுங்கள். ஆண் விழுந்தால் பலகை வழுக்கிவிட்டது என்பார்கள். நான் விழுந்தேன் என்றால் பெண் விழுந்துவிட்டாள் என்பார்கள். அந்த ஐந்து பேரும் இந்தப் பாலம் முடியும்வரை கீழேதான் உட்கார்ந்திருப்பார்கள். பெல்ட் ஆற்றில் விழுந்துவிட்டது என்று சொல்லிப் புதிது வாங்கிக்கொள்கிறேன். சின்னப் பொய், யாருக்கும் நஷ்டமில்லை.

உங்கள் மேல் எனக்கு ஒரு சொட்டுக் கோபமும் இல்லை. பொய் சொல்லி அனுப்பியது நான். ஆபீசுக்கு எதுவும் எழுதாதீர்கள்.

டிரைவர் எழுந்துவிட்டார்.


மார்ச் 22

உனக்கு,

இறங்கிவிட்டாய் என்ற ஒரு வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. மற்ற வரிகளைப் படிக்கப் படிக்கத்தான் தலைக்கு ஏறியது. இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்திருக்கிறேன். இது நாலாவது, இதிலும் கோபம் இருக்கும், பொறுத்துக்கொள்.

ஆற்றில் போடுகிறாளாம். யாருக்கும் நஷ்டமில்லையாம். தீயணைப்பு நிலையத்து அம்மாவிடம் உன் கடிதத்தில் இருந்ததைச் சொன்னேன். அவர் உன்னைத் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “அந்த ஒரு பலகையைக் கட்டிட்டாங்க. அதே ஆள் கட்டின மத்த பலகைங்களை யாரு பார்த்தாங்க?”

இதற்கு உன்னிடம் பதில் இருக்கிறதா? அடுத்த மாதம் சின்னவள் ஏறப்போகிறாள். அவள் கால் வைக்கிற பலகை எது? உன்னை நம்பித்தானே அந்தப் பெண் ஏறுகிறாள். அந்த ஐந்து பேருக்காகத்தான் மறைக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். அந்த ஐந்து பேரையும் நிற்க வைத்து, நான் விழுந்த இடத்தை உங்களிடம் மறைத்திருக்கிறேன் என்று சொல்லிப் பார். என்ன சொல்வார்கள்?

ஒன்று, சொல். இல்லாவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வா. மூன்றாவது வழி எனக்குத் தெரியவில்லை.

உன்னைக் கோபிக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்றும் தோன்றுகிறது. நீ மறைத்தாய். நான் சீட்டில் எழுதியிருந்ததைப் படிக்காமல் பிய்த்துப் போட்டேன். ஆளுக்குப் பாதி. ஆனால் என் பாதிதான் உன்னைக் கொன்றிருக்கும். ஒரு வாரமாக மெஷினில் உட்காரவில்லை. சீருடைகளை வாங்க வந்த அம்மாமார்களிடம் ஊசி இல்லை என்று பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் எல்லோரும் பொய் சொல்ல ஆரம்பித்துவிட்டோம், வாண்டு ஒருத்திதான் பாக்கி.

தையல்காரன்


மார்ச் 28

என் தையல்காரருக்கு,

புதன்கிழமை லாரி என் கடிதம் இல்லாமல் போயிருக்கும். அதில் போட என்னிடம் ஒன்றும் இல்லை. உங்கள் மேல் கடுங்கோபத்தில் இருந்தேன். நீங்கள் எழுதியது சரியாக இருந்ததால் கோபம் இன்னும் கூடிவிட்டது.

வியாழக்கிழமை காலை சொல்லிவிட்டேன். ஏறுவதற்கு முன்னால் எல்லோரும் வரிசையாக நின்று பெயர் கொடுப்போம். என் முறை வந்ததும், இரண்டாம் தேதி நான் விழுந்தேன், பலகை வழுக்கியது, பெல்ட்டைத் தைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி ஏறினேன் என்று சொன்னேன். விசில் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். என் வேலை போய்விட்டது என்றுதான் நான் நினைத்தேன்.

அப்போது கொக்கு கையைத் தூக்கினார். அவரும் போன வருடம் வேறொரு பாலத்தில் விழுந்திருக்கிறாராம். என்னிடம்கூட மூச்சு விட்டதில்லை. அவருடைய உறையைத் திறந்து காட்டினார். பிரிந்த பட்டையைச் சுருட்டி உள்ளே திணித்து, கம்பி போட்டுக் கட்டிவைத்திருந்தார். என் தையலைப் பார்த்து அவர் ஏன் கெட்டிதான் என்றார் என்று அப்போதுதான் விளங்கியது. அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு கை. நான்கு பேர். அதில் மூன்று பேர் ஆண்கள். பெண் விழுந்துவிட்டாள் என்று யாரும் சொல்லவில்லை, சொல்ல வாய் இல்லை.

இரண்டு நாள் வேலை நின்றது. நாற்பத்திரண்டு பலகைகளில் ஏழின் கட்டு தளர்ந்திருந்தது. நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் அதுதான். நான் இன்னும் ஆற்றில் போடாத என்னுடையதையும் சேர்த்து அந்த நான்கு பெல்ட்டையும் வெட்டிப் போடச் சொன்னார் விசில். சேர்ந்த முதல் வாரம் இதையெல்லாம் சொல்லிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்களாம். வாங்கியிருப்பார்கள். சாப்பாட்டுக்கு அப்புறம் நடந்த வகுப்பு அது, பாதிப் பேர் தூக்கம். நான்கையும் கத்தியால் வெட்டினார்கள். உங்கள் தையலில் கத்தி இறங்கவே இல்லை. பக்கத்தில் பட்டையைத்தான் அறுக்க வேண்டியிருந்தது. கொக்கு என்னைப் பார்த்துச் சிரித்தார், நானும் சிரித்தேன், பிறகு அழுதேன்.

சின்னவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “அக்கா, நீங்க சொல்லாம இருந்திருந்தா, நான் விழுந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்,” என்றாள். அவளை ஏற்றுவதை விசில் ரத்து செய்யவில்லை. ஆனால் இனி யாராக இருந்தாலும் ஏறுவதற்கு முன்னால் ஜோடி ஒருவர் உறையை ஒருவர் திறந்து பார்த்து, பலகைக் கட்டைக் கையால் அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும். இது விசிலின் உத்தரவு.

விழுந்ததைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்கப் பயப்படுகிறீர்கள் என்று தெரியும். சொல்லிவிடுகிறேன். கால் போனதும் நான் நினைத்தது உங்களை இல்லை, வாண்டை இல்லை. பெயிண்ட் வாளி கவிழ்ந்துவிட்டதே, திட்டுவார்களே என்று நினைத்தேன். பிறகு முதுகில் பரபரவென்று ஏதோ கிழிகிற சத்தம். செத்தோம் என்று நினைத்தேன். கிழியக் கிழிய வேகம் குறைந்து நின்றுவிட்டது. தொங்கிக்கொண்டிருந்தபோது யாரையும் கூப்பிடவில்லை. வெட்கம். அந்தரத்தில் தொங்கும்போது எதற்கு வெட்கம் என்று இப்போது தோன்றுகிறது. கொக்கு எட்டிப் பார்த்து, “கைய குடும்மா” என்ற பிறகுதான் நீங்களும் வாண்டும் நினைவுக்கு வந்தீர்கள். அதன் பிறகு இன்றுவரை போகவில்லை.

டாக்டர் பார்த்தார். முதுகுச் சதையில் கொஞ்சம் வீக்கம், எலும்பு நன்றாக இருக்கிறது. ஏப்ரல் 11 வரை ஏறக்கூடாது. அதற்குப் பிறகு புது பெல்ட்டோடு மேலே போகிறாயா, கீழேயே இருக்கிறாயா, வீட்டில் பேசிச் சொல் என்றார் விசில்.

எனக்கு ஏற வேண்டும். அதை மறைக்கமாட்டேன், இனி எதையும் மறைப்பதாக இல்லை. நீங்கள் வா என்றால் வந்துவிடுவேன். ஆனால் வந்த பிறகு என் மூஞ்சி எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

உங்கள் பெயிண்டர்


ஏப்ரல் 5

அன்புள்ள பெயிண்டருக்கு,

உன் கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது. வா என்று ஒரு தாளில் எழுதி உறையில் போட்டு ஒட்டியும் விட்டேன். தபால் பெட்டிவரை போய்த் திரும்பி வந்தேன்.

தீயணைப்பு நிலையத்து அம்மா நேற்று என்னை நிலையத்துக்கு வரச் சொன்னார். வாண்டையும் கூட்டிக்கொண்டு போனேன். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு வலித்ததா என்று கேட்டாள், கொஞ்சம் என்றேன். உறை எப்படி வேலை செய்கிறது என்று எனக்குக் காட்டுவதற்காக அவர்கள் ஓர் ஆள் எடைக்கு மணல் மூட்டையைக் கட்டி, பயிற்சிக் கோபுரத்தின் மேலிருந்து தள்ளிவிட்டார்கள். நீ எழுதிய அதே பரபர சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை வரிசையாகக் கிழிந்தது. மூட்டை தரையைத் தொடாமல் நின்று மெதுவாக ஆடியது.

இத்தனை வருடமும் தையல் பிரியக் கூடாது என்றுதான் நான் வேலை செய்திருக்கிறேன். நேற்று ஒவ்வொரு வரிசையும் பிரியப் பிரிய எனக்கு உயிர் வந்தது. எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டேன். வாண்டுக்குத்தான் மானம் போயிற்று.

இன்று காலை மெஷினில் உட்கார்ந்தேன். முதல் வேலையாக அந்த அம்மாவின் கால்சட்டையை முடித்தேன். நீ வீட்டில் இருந்தால் எனக்குப் பயம் இருக்காது, அது நிஜம். நீ வீட்டில் இருந்தால் என்னவாய் இருப்பாய் என்பதும் எனக்குத் தெரியும். பயம் எனக்குப் போகாது. நீ அந்தப் பாலத்தை முடிக்கும்வரை இருக்கும், அடுத்த பாலத்துக்கும் இருக்கும். அதை நான் வைத்துக்கொள்கிறேன், நீ சுமக்க வேண்டாம்.

பன்னிரண்டாம் தேதி கொக்கிடம் உறையைத் திறந்து காட்டு. பலகையைக் கையால் அசைத்துப் பார். பிறகு ஏறு. இறங்கியதும் ஒரு வரி எழுது.

உன் தையல்காரன்